ஆங்கில இலக்கணத்தில் ஜெரண்டையும் பார்ட்டிசிப்பிளையும் எப்படிப் பிரித்தறிவது? இரண்டும் 'இங்' என்றுதானே முடிகின்றன?

எனக்கும் கல்லூரி வரை இந்தக் குழப்பம் இருந்தது. விளக்கத்தை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடுவேன். வாக்கியத்தில் பார்த்தால் எது எதுவென்று தெரியாது. கடைசியில் தெளிய வைத்தது பள்ளியில் படித்த தமிழ் இலக்கணம்தான்.

'இங்' சொல்லைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'ஸ்விம்மிங் இஸ் குட் எக்சர்சைஸ்': நீந்துவது நல்ல உடற்பயிற்சி. நீந்துவது, நீந்துதல் என்று வந்தால் தொழிற்பெயர், அதுதான் ஜெரண்ட். 'எ ஸ்விம்மிங் டாக்': நீந்துகிற நாய். இது பெயரெச்சம், ஆகவே பார்ட்டிசிப்பிள். 'ஸீயிங் தி போலீஸ், ஹி ரான்': போலீஸைப் பார்த்து ஓடினான். வினையெச்சம், இதுவும் பார்ட்டிசிப்பிள்தான். நாம் மூன்று உருவம் வைத்திருக்கும் இடத்தில் ஆங்கிலம் ஒன்றை வைத்து ஒப்பேற்றுகிறது. பழைய ஆங்கிலத்தில் பார்ட்டிசிப்பிளுக்கு 'எண்டெ', தொழிற்பெயருக்கு 'உங்' அல்லது 'இங்' என்று தனித்தனி விகுதிகள் இருந்தன. பின்னால் எல்லாம் 'இங்'கில் கலந்துவிட்டன. ஜெர்மனில் இன்றும் அவை வேறு வேறுதான்.

'ஸ்லீப்பிங் பேபி', 'ஸ்லீப்பிங் பேக்' இரண்டையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். குழந்தை தூங்கும், பை தூங்காது. தூங்குவதற்கான பை, அதனால் அது ஜெரண்ட்.

'வாக்கிங் ஹோம், தி ரெய்ன் ஸ்டார்ட்டட்' ஏன் தவறு என்பதும் இதே வழியில் புரியும். 'வீட்டுக்கு நடந்து மழை தொடங்கியது' என்று யாராவது சொல்வார்களா? நடந்தது மழை என்று ஆகிவிடும். 'செய்து' என்னும் வினையெச்சத்துக்கும் முடிக்கும் வினைக்கும் எழுவாய் பெரும்பாலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நம் இலக்கணத்திலும் உண்டு.

ஆனால் ஓரிடத்தில் தமிழே நம்மைக் கவிழ்த்துவிடும். முதல் இன்டர்வியூவில் நான் 'ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்' என்றேன். எனக்கு ஆர்வம் இருக்கிறது என்று சொல்லப்போய், நானே சுவாரசியமான ஆள் என்று சொல்லிக்கொண்டேன். எதிரே இருந்தவர் சிரிப்பை அடக்கியது இன்னும் நினைவிருக்கிறது. செய்த ஆள், செய்த வேலை: இரண்டுக்கும் நமக்கு 'செய்த' ஒன்றே போதும். 'புலி கொன்ற யானை' என்றால் செத்தது எது என்றுகூட வடிவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆங்கிலம் இதில் மட்டும் கறார். உணர்வைக் கிளப்புவது 'இங்', அந்த உணர்வுக்கு ஆளாவது 'எட்'. படம் 'போரிங்', பார்த்த நான் 'போர்ட்'.

அப்புறம், ஈமெயிலில் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எழுதாதீர்கள். அங்கே 'டு' நம் வேற்றுமை உருபு மாதிரி, பின்னால் பெயர்தான் வர வேண்டும். 'டு மீட்டிங் யூ' என்பதே சரி.