பத்து நிமிடத்தில் இழுவை குறையும் அவுட்போர்டு எஞ்சின்

படகின் பின்னால் மாட்டும் இந்த எஞ்சினுக்கு, முதலில் பெட்ரோல் டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்து பாருங்கள். பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓடியதும் இழுவை குறைகிறது, சற்று நிறுத்திவைத்தால் சரியாகிறது என்கிறீர்கள். அது பெரும்பாலும் பெட்ரோல் போதாமல் திணறுவதுதான். காற்று உள்ளே போகாவிட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பம்பால் பெட்ரோலை இழுக்க முடியாது. பிளாஸ்டிக் டேங்க் என்றால் பக்கங்கள் உள்வாங்கியிருப்பது கண்ணாலேயே தெரியும்.

திருகு திறந்தேதான் இருந்ததா? அப்படியென்றால் வேகம் விழும்போது, கூட வருபவரைப் பெட்ரோல் குழாய் நடுவில் உள்ள ரப்பர் பல்பை அமுக்கச் சொல்லுங்கள். உடனே எஞ்சின் வேகம் பிடித்தால் கோளாறு பெட்ரோல் வரும் வழியில்தான்: ஃபில்டர், குழாய் இணைப்பு, பம்ப் டயாபிரம் (பம்புக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு). கார்புரேட்டரைக் கழற்றுவதெல்லாம் அப்புறம்.

ஆனால் எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு வெளியே பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தாலோ நின்றாலோ உடனே அணைத்துவிடுங்கள். அது சூடேறும் பிரச்சினை, ஓட்டிப் பார்க்கக் கூடாது.