வாஃபிள் மெஷின் வாங்கலாமா, பான்கேக்கே போதுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஞாயிறு காலை என்றால் பான்கேக்தான். இப்போது பிள்ளைகள் வாஃபிள் வேண்டும் என்று நச்சரிக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே மாவுதானே, அதற்காக ஒரு மெஷின் எதற்கு என்கிறார் கணவர். வாங்கினால் வீண் செலவா?

பதில்: கணவர் சொல்வதில் பாதி சரி. மைதா, முட்டை, பால், வெண்ணெய், சர்க்கரை, பேக்கிங் பவுடர் என்று இரண்டுக்கும் சாமான் ஒன்றுதான், அளவுதான் வேறு. வாஃபிள் மாவில் வெண்ணெய் நன்றாகத் தூக்கலாக இருக்க வேண்டும், சர்க்கரையும் கொஞ்சம் கூட. மேல்தோல் மொறுமொறுவென்று வருவதற்கு வெண்ணெய், சீக்கிரம் சிவப்பதற்குச் சர்க்கரை. பொறுமை இருந்தால் முட்டையின் வெள்ளைக்கருவைத் தனியாக நுரைக்க அடித்துக் கடைசியில் மெதுவாகக் கலந்து பாருங்கள், உள்ளே பஞ்சு போல இருக்கும். இதெல்லாம் செய்யாமல் பான்கேக் மாவை அப்படியே மெஷினில் ஊற்றினால் கட்டம் போட்ட பான்கேக்தான் கிடைக்கும். பலர் மெஷினை வாங்கி ஒரு மாதத்தில் பரண் மேல் ஏற்றுவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

சரி, வாங்கலாமா? நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: ஃப்ரீசரில் இடம் இருக்கிறதா?

பான்கேக் சுடச்சுடச் சாப்பிட வேண்டிய பண்டம், அடுத்த நாள் எடுத்துச் சூடு பண்ணினால் சவசவவென்று ஆகிவிடும். வாஃபிள் அப்படியில்லை. சுட்டதைக் கம்பித் தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்டு (தட்டில் அடுக்கினால் அதன் ஆவியிலேயே அது நமத்துப்போகும், இதை மட்டும் மறக்காதீர்கள்), ஒன்றோடொன்று ஒட்டாமல் உறையவைத்து, பிறகு ஒரு பையில் போட்டு வைத்துக்கொண்டால், வேண்டியபோது பனிக்கட்டியாக எடுத்து நேரே டோஸ்டரில் போடலாம், கிட்டத்தட்ட புதிதாகச் சுட்ட அதே மொறுமொறுப்பு திரும்ப வந்துவிடும். அமெரிக்காவில் 1953-இலேயே விற்பனைக்கு வந்த உறைந்த வாஃபிள், பிறகு எக்கோ என்று பெயர் மாறி இன்றுவரை ஓடுகிறது என்றால் காரணம் இந்தக் குணம்தான். ஆக, ஒருநாள் உட்கார்ந்து இருபது சுட்டு வைத்துப் பள்ளி நாட்களில் எடுத்துக் கொடுப்பீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு பேருக்குச் சுடச்சுட வேண்டும் என்றால் யோசியுங்கள். தவாவில் ஒரே நேரத்தில் மூன்று பான்கேக் வேகும். சின்ன மெஷினில் ஒரு வாஃபிளுக்கே நாலைந்து நிமிடம் ஆகும், முதலில் சாப்பிட்டவர் கை கழுவிய பிறகுதான் கடைசி ஆளுக்குத் தட்டு வரும். அந்தக் கடைசி ஆள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். எதைப் பார்த்து வாங்குவது? ‘பெல்ஜியன்’ என்று போட்டிருந்தால் உசத்தியா?

பதில்: மெஷின் பெட்டியில் ‘பெல்ஜியன்’ என்றால் குழி ஆழமாக இருக்கும், வாஃபிள் தடிமனாக வரும், அவ்வளவுதான். பெல்ஜியத்திலேயே பிரசல்ஸ் வாஃபிள் வேறு, கெட்டியான ஈஸ்ட் மாவில் சர்க்கரைக் கட்டிகளைப் பிசைந்து சுடும் லியேஜ் வாஃபிள் வேறு. 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் விற்றுப் புகழ் பெற்ற பிறகுதான் ‘பெல்ஜியன் வாஃபிள்’ என்ற பெயர் அமெரிக்கா முழுக்கப் பரவியது. மொறுமொறுப்பு மட்டுமே வேண்டும் என்பவர்களுக்கு ஆழம் குறைந்த சாதா தட்டே நல்லது, டோஸ்டரிலும் மாட்டிக்கொள்ளாது.

நான் முதலில் பார்ப்பது தட்டு கழன்று வருகிறதா என்பதை. என்னுடைய முதல் மெஷினில் தட்டு கழலாது. மின்சாரக் கருவி என்பதால் தண்ணீரில் முக்கவும் முடியாது, கீல் பக்கம் வழிந்து இறுகிய மாவைப் பழைய பல் துலக்கும் பிரஷை வைத்துச் சுரண்டிச் சுரண்டியே ஒரு கட்டத்தில் வாஃபிள் ஆசையே விட்டுப்போனது. அடுத்தது வாட். 700 வாட் மெஷின் ஒரு வாஃபிள் சுட்டதும் சூடு இறங்கி அடுத்ததற்கு இழுக்கும். 1000-க்கு மேல் இருந்தால் நிம்மதி, இரண்டு வாஃபிள் ஒன்றாகச் சுடும் பெரிய தட்டென்றால் இன்னும் கூட வேண்டும். கைப்பிடியைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பும் வகையில் மாவு இரண்டு பக்கமும் சீராகப் பரவும். இது ஒன்றும் புது யோசனை இல்லை, 1869-இல் கார்னீலியஸ் ஸ்வார்ட்வவுட் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய அடுப்பு மேல் வைக்கும் வாஃபிள் வார்ப்பிலேயே திருப்புவதற்குக் கைப்பிடி உண்டு. ஆனால் திருப்பும் மெஷின் இடத்தை அடைக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பச்சை விளக்கை ரொம்ப நம்பாதீர்கள். தட்டு சூடாகிவிட்டது என்றுதான் அது சொல்லும், உங்கள் மாவு வெந்ததா என்று அதற்குத் தெரியாது. பக்கவாட்டில் வரும் ஆவி அநேகமாக நின்ற பிறகு திறந்தால் சரியாக இருக்கும். அப்புறம், வாங்கிய வாரமே ஒரு முறை தட்டு நிறைய மாவு ஊற்றிச் சுட்டுப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் வெளுத்தே இருந்தால் சூடாக்கும் கம்பியில் கோளாறு இருக்கலாம், மாற்றிக் கேளுங்கள். அதுவரை அட்டைப்பெட்டியையும் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: மெஷின் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது, வாஃபிள் தட்டில் ஒட்டுகிறது. ஒவ்வொரு முறையும் எண்ணெய் ஸ்ப்ரே அடித்துத்தான் ஊற்றுகிறேன். தரமில்லாத மெஷினா?

பதில்: மெஷினைத் திட்டுவதற்கு முன் அந்த ஸ்ப்ரேயைப் பாருங்கள். பெரும்பாலான சமையல் ஸ்ப்ரேயில் எண்ணெயோடு லெசித்தின் என்ற கொழுப்பு வகைப் பொருளும் இருக்கும். நான்-ஸ்டிக் தட்டில் அது சூட்டில் காய்ந்து பிசுபிசுப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும், அதன் மேல்தான் மாவு பிடிக்கிறது. தட்டு வெதுவெதுப்பாக இருக்கும்போது சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் பலமுறை துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். இனிமேல் பிரஷால் சாதா எண்ணெயை மெலிதாகத் தடவுங்கள். பாதி வெந்ததும் அவசரப்பட்டுத் திறந்தாலும் வாஃபிள் இரண்டாகப் பிளந்து ஒட்டும், அது ஸ்ப்ரேயின் தப்பு இல்லை. முள்கரண்டியால் குத்தி எடுக்கவே கூடாது, மரக் குச்சி போதும்.

கேள்வி: பான்கேக் மிக்ஸ் பாக்கெட் வாங்குவது லாபமா?

பதில்: மைதா, சர்க்கரை, உப்பு, உப்பவைக்கும் பொருள், இதுதான் பல பாக்கெட்டிலும் முக்கியச் சரக்கு. தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்கிற வகையில் பால் பவுடரும் முட்டைப் பவுடரும் சேர்ந்திருக்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம். 150 கிராம் மைதாவுக்கு இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு முட்டை, 200 மில்லி பால், கொஞ்சம் உருக்கிய வெண்ணெய். கட்டி தெரிந்தாலும் விட்டுவிடுங்கள், அடித்து அடித்துக் கலந்தால் ரப்பர் மாதிரி ஆகும். பாக்கெட்டோ டப்பாவோ, பழசாகிப்போன பேக்கிங் பவுடர் உப்பாது. அரை டீஸ்பூன் எடுத்து வெந்நீரில் போடுங்கள், பொங்கி நுரைக்கவில்லை என்றால் குப்பையில் போட்டுவிடலாம்.

கேள்வி: மேல ஊற்ற மேப்பிள் சிரப் வாங்கப் போனால் ‘பான்கேக் சிரப்’ என்று ஒன்று பாதி விலையில் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. பான்கேக் சிரப் பெரும்பாலும் சோளச் சர்க்கரைப் பாகில் நிறமும் வாசனையும் சேர்த்தது. மேப்பிள் மரத்தில் வடித்த ஏறக்குறைய 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் மேப்பிள் சிரப், விலை ஏன் என்று புரியும். பின்பக்க லேபிளில் மேப்பிள் சிரப் தவிர வேறு பொருள் எதுவும் இருக்கக் கூடாது. கருப்பாக இருப்பது மட்டம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், நிறம் கூடினால் மணமும் கூடும், பான்கேக்குக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். திறந்த பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள், வெளியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.