கார்டில் தடித்த கோடு, போர்டில் ஏன் நூலாகிறது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "விசிட்டிங் கார்டுக்கு இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் நானே வரைந்த கொலுசு லோகோவை போர்டுக்காகப் பெரிதாக்கினேன். கோடெல்லாம் நூல் மாதிரி ஆகிவிட்டது, மணிகள் விலகி நிற்கின்றன. எக்ஸ்பாண்ட் கொடுத்தும் பெரிதாகவில்லை. என்ன செய்வது?"

எக்ஸ்பாண்ட் பெரிதாக்குகிற கட்டளையே இல்லை. பெயரைப் பார்த்துப் பலரும் ஏமாறுகிற இடம் இது. நீங்கள் வரைந்த கோடு மென்பொருளுக்கு ஒரு பாதை, அதோடு 'இத்தனை பாயின்ட் தடிமன்' என்றொரு குறிப்பு, அவ்வளவுதான். எக்ஸ்பாண்ட் கொடுத்தால் அந்தக் கோடு இரண்டு ஓரமும் உள்ள தனி உருவமாகிவிடும். அளவு மாறாது.

கணக்கைப் பாருங்கள். கார்டு மூன்றரை அங்குலத்துக்கு 2 அங்குலம்; போர்டு பத்தரை அடிக்கு 6 அடி என்று வைத்துக்கொண்டால் 36 மடங்கு. படம் அத்தனை மடங்கு வளர்ந்தது, கோட்டின் 0.5 பாயின்ட் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அதுவும் கூடவே வளர்ந்திருந்தால் 18 பாயின்ட், அதாவது கால் அங்குலம். தெருவில் போகிறவருக்கும் தெரியும். கார்டில் மணியும் மணியும் ஒட்டியிருந்தது கோட்டின் தடிமனால்தான். அது வளராததால் நடுவில் இடைவெளி விழுந்தது.

கெட்டுப்போன ஃபைலைச் சரிசெய்ய மெனக்கெட வேண்டாம். கார்டு ஃபைலையே திறங்கள். கன்ட்ரோல் கே அழுத்தி, ஜெனரல் பகுதியில் 'ஸ்கேல் ஸ்ட்ரோக்ஸ் அண்ட் எஃபெக்ட்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். அப்புறம் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு மூலையைப் பிடித்து இழுங்கள். ஷிஃப்டை விட்டால் கொலுசு நசுங்கிவிடும். கோரல் டிரா என்ற இன்னொரு வரைகலை மென்பொருளில் செய்வதாக இருந்தால், எஃப்12 அழுத்தினால் வரும் பெட்டியில் 'ஸ்கேல் வித் ஆப்ஜெக்ட்' என்று இருக்கும், அதை டிக் செய்யுங்கள்.

ஃபிளெக்ஸ் கடைக்குக் கொடுக்கும்போதுதான் எக்ஸ்பாண்ட் வேலை. அங்கே யார் இழுத்தாலும் தடிமனும் படத்தோடு கூடவே வளரும். ஆனால் அதற்குப் பிறகு தடிமனை ஒரு எண்ணால் மாற்ற முடியாது, அதனால் ஒரு காப்பியில் மட்டும் செய்யுங்கள். நிழல் மாதிரி எஃபெக்ட் போட்டிருந்தால் மெனுவில் எக்ஸ்பாண்ட் மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்கும். முதலில் 'எக்ஸ்பாண்ட் அப்பியரன்ஸ்' கொடுங்கள். கடைப் பெயரின் தமிழ் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் ஷிஃப்ட் ஓ அழுத்துங்கள்; எழுத்தும் உருவமாகிவிடும். இதை மறக்கவே கூடாது: உங்கள் ஃபான்ட் அவர்கள் கணினியில் இல்லாவிட்டால் பெயரே மாறிப்போகும்.

கடைசியாகக் கன்ட்ரோல் ஒய் அழுத்துங்கள், நிறமும் தடிமனும் மறைந்து வெறும் பாதைகள் மட்டும் தெரியும்; ஒரு மணியை ஜூம் செய்து பாருங்கள். வளையத்துக்கு ஒற்றைக் கோடு தெரிந்தால் இன்னும் எக்ஸ்பாண்ட் ஆகவில்லை. உள்ளும் வெளியுமாக இரண்டு கோடு தெரிந்தால் தைரியமாக அனுப்பலாம்.