குப்பி காலியாக வந்திருக்கிறதா?

கேள்வி: ஸ்டெம் செல் வளர்ப்புக்காக எஃப்.ஜி.எஃப்-2 என்ற வளர்ச்சிக் காரணிப் புரதம் 50 மைக்ரோகிராம் ஒரு குப்பியில் வாங்கினோம். திறந்து பார்த்தால் உள்ளே எதுவுமே தெரியவில்லை. எப்படிக் கரைப்பது?

பதில்: புரதம் இருக்கிறது. உறையவைத்து உலர்த்திய 50 மைக்ரோகிராம் என்பது கண்ணுக்குப் புலப்படாத படலம்தான். அது அடியில் மட்டுமல்ல, சுவரிலும் மூடியின் உட்புறத்திலும் ஒட்டியிருக்கும். அதனால் திறக்கும் முன்பே சென்ட்ரிஃப்யூஜில் அரை நிமிடம் சுற்றி அடியில் இறக்கிவிட வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

கரைக்கும் திரவம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், கூட வந்த தாளைப் பாருங்கள். பெரும்பாலும் 0.1 சதவீதம் பி.எஸ்.ஏ. (மாட்டு ரத்தப் புரதம்) கலந்து முன்னரே வடிகட்டிய பி.பி.எஸ். (பாஸ்பேட் உப்புக் கரைசல்) ஒத்துவரும். அதில் 500 மைக்ரோலிட்டரைச் சுவர் வழியாக விட்டு, பத்து நிமிடம் வைத்து, மெல்ல உருட்டுங்கள். வோர்டெக்ஸில் (வேகமாகக் குலுக்கும் கருவி) வைக்காதீர்கள், நுரைத்தால் புரதம் மடிப்பு குலைந்து வீணாகும். கரைத்த பிறகு வடிகட்டவும் கூடாது, சவ்வே ஒரு பங்கை உறிஞ்சிவிடும்.

இப்போது மில்லிக்கு 100 மைக்ரோகிராம் கிடைத்திருக்கும். 50 மைக்ரோலிட்டர் வீதம் புரதம் ஒட்டாத குழாய்களில் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். கணக்குப்படி பத்து குழாய். பிப்பெட்டில் நிற்பது போக ஒன்பதுதான் தேறும். ஒரு குழாயை 50 மில்லி மீடியத்தில் (செல் வளர்க்கும் திரவம்) கலந்தால் மில்லிக்கு 100 நானோகிராம். பி.எஸ்.ஏ. இல்லாமல் இதைவிட நீர்க்கக் கரைத்து வைத்தால் பிளாஸ்டிக் சுவர் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். உருக்கிய குழாயை மறுபடி உறையவைக்காதீர்கள். தானே பனி உருக்கும் வீட்டு ஃப்ரீசர் இதற்கு ஆகாது: உள்ளே வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: சரியான அளவுதான் சேர்க்கிறோம். ஒரு நாள் மீடியம் மாற்றாமல் விட்டாலே காலனி ஓரங்களில் செல்கள் தட்டையாகி உருமாறத் தொடங்குகின்றன. புரதம் மட்டமா?

பதில்: மட்டமாக இருக்க வேண்டியதில்லை. 37 டிகிரியில் எஃப்.ஜி.எஃப்-2 ஒரே நாளில் வீரியத்தின் பெரும்பகுதியை இழக்கும். மீடியத்தைத் தினமும் மாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். முழு பாட்டிலையும் தினமும் வாட்டர் பாத்தில் சூடாக்குகிறீர்களா? அதுவும் அதே சேதத்தைத்தான் செய்கிறது. அன்றைக்குத் தேவையானதை மட்டும் ஊற்றி அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் போதும். ஹெப்பாரின் சேர்த்தால் புரதம் கூடுதல் நேரம் தாங்கும். விடுமுறை நாளைத் தாண்ட வேண்டுமென்றால், சில அமினோ அமிலங்களை மாற்றி வெப்பம் தாங்கும்படி செய்த வடிவங்களும் விற்பனைக்கு உள்ளன.

கேள்வி: ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரித்தது, பாலூட்டிச் செல்லில் தயாரித்ததைவிடத் தரக்குறைவா?

பதில்: பாலூட்டிச் செல் புரதத்தில் சேர்க்கும் சர்க்கரைச் சங்கிலி எஃப்.ஜி.எஃப்-2 வேலை செய்யத் தேவையில்லை, ஈ. கோலை தாராளமாகப் போதும். லேபிளில் பார்க்க வேண்டியது இ.டி.50: அதிகபட்ச விளைவில் பாதியைத் தரும் செறிவு, மில்லிக்கு இத்தனை நானோகிராம் என்று. பத்து லட்சத்தை அந்த நானோகிராம் எண்ணால் வகுத்தால் ஒரு மில்லிகிராமுக்கு எத்தனை யூனிட் என்று தெரியும்: 0.5 என்றால் 20 லட்சம். லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறும்போது எடையைவிட இந்த எண்ணை ஒப்பிடுங்கள். மோனோசைட், மேக்ரோஃபேஜ் போன்ற நோயெதிர்ப்புச் செல்களில் வேலை செய்பவர்கள் எண்டோடாக்சின் (பாக்டீரியா சுவரின் நச்சு) அளவையும் கேட்டு வாங்க வேண்டும். பாக்டீரியா மிச்சம் துளி இருந்தாலும் அவை தூண்டப்பட்டுவிடும், பழி வளர்ச்சிக் காரணி மேல் விழும்.