பிரேவ்லி டிஃபால்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நிண்டெண்டோ 3டிஎஸ் கையடக்கக் கருவியில் பிரேவ்லி டிஃபால்ட் என்ற ஆட்டத்தை ஆடுகிறேன். சின்னச் சண்டைகளில் நான்கு பேரையும் நாலு நாலு அடி அடிக்க வைத்து முதல் டர்னிலேயே ஜெயித்துவிடுகிறேன். பாஸ் (பெரிய எதிரி) வந்தால் மட்டும், நான்கு பேரும் நின்ற இடத்திலேயே அடி வாங்கிச் சாகிறார்கள். எங்கே தப்பு?

பதில்: பிபி (பிரேவ் பாயிண்ட், அதாவது செயல்களுக்குச் செலவாகும் புள்ளி) கணக்கில்தான். மற்ற டர்ன் முறை ஆர்பிஜிகளில் (முறை வைத்துச் சண்டை போடும் கதை ஆட்டங்களில்) ஒரு டர்னுக்கு ஒரு அடி. இதில் டர்னையே கடன் வாங்கலாம், சேமித்தும் வைக்கலாம்.

ஒவ்வொரு டர்ன் தொடக்கத்திலும் ஆளுக்கு 1 பிபி வரும். ஒரு செயலுக்கு 1 பிபி போகும். ஆர் பட்டனை அழுத்தினால் பிரேவ். வரப்போகும் டர்னின் செயலை இப்போதே எடுத்துக்கொள்கிறீர்கள். மூன்று தடவை வரை அழுத்தலாம், மொத்தம் 4 செயல். பிபி பூஜ்யமாக இருக்கும்போது நான்கையும் செய்தால் கணக்கு −4க்குப் போகும். அடுத்த டர்னில் −3, பிறகு −2, −1. அந்த மூன்று டர்னும் அந்த ஆளுக்குக் கட்டளையே கொடுக்க முடியாது.

எல் பட்டன் டிஃபால்ட். அந்த டர்னில் நீங்கள் அடிக்க மாட்டீர்கள். வாங்கும் அடி பாதியாகும், 1 பிபி சேரும். 3 வரை சேர்க்கலாம். 3 பிபி கையில் வைத்துக்கொண்டு 4 செயல் செய்தால், அடுத்த டர்னில் பூஜ்யத்தில் நிற்பீர்கள், பாக்கி எதுவும் இருக்காது.

இரண்டு வழியிலும் கிடைப்பது அதே நான்கு அடிதான். முதலில் சேமித்தால், காத்திருக்கும் டர்ன்களில் பாதி அடிதான் விழும். முதலில் கடன் வாங்கினால், காத்திருக்கும்போது முழு அடியும் விழும். அதனால் அந்த அடிகளோடு சண்டை முடியும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கடன் வாங்குங்கள். சின்ன எதிரிகளிடம் நீங்கள் செய்வது சரியான ஆட்டம். அதையே பாஸிடம் செய்து, அவனுக்குக் கொஞ்சம் எச்பி (உயிர்ப் புள்ளி) மிஞ்சிவிட்டால், மூன்று டர்ன் அவன் ராஜ்ஜியம்தான்.

பாஸ் சண்டையில் இரண்டு பேர் அடிக்கட்டும், இரண்டு பேர் டிஃபால்டில் இருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். ஹீலரின் (மற்றவர்களைக் குணமாக்குபவரின்) பிபி எந்தக் காரணத்துக்காகவும் பூஜ்யத்துக்குக் கீழே போகவே கூடாது. பாஸுக்கும் இதே விதிதான் என்பதையும் மறக்காதீர்கள். அவன் டிஃபால்டில் நிற்கும்போது உங்கள் அடியும் பாதியாகிவிடும், எம்பியை (மந்திரப் புள்ளிகளை) வீணாக்காதீர்கள். இரண்டு மூன்று டர்ன் டிஃபால்டிலேயே நின்றால், சேர்த்து வைத்து அடிக்கப்போகிறான் என்று அர்த்தம். உடனே எல்லாருக்கும் எச்பியை நிரப்பி, நீங்களும் டிஃபால்டுக்குப் போங்கள். பூஜ்யத்திலிருந்தே மூன்று நான்கு அடி அடித்துவிட்டு அவன் அசையாமல் நிற்கிறானா? சேமித்ததை எல்லாம் இறக்க வேண்டிய நேரம் அதுதான்.

கேள்வி: ஆரம்பத்தில் வரும் பாராஸ், ஹாலி ஜோடியையே தாண்ட முடியவில்லை. லெவல் ஏற்ற வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. பாராஸின் குத்து வலிப்பதால் எல்லாரும் அவனையே முதலில் அடிக்கிறார்கள். பின்னால் இருந்து ஹாலி கியூர் (குணமாக்கும் மந்திரம்) போட்டு அந்த அடியை எல்லாம் அழித்துவிடுகிறாள். முதலில் ஹாலி. டிஃபால்ட் போட்டு பிபி சேர்த்து, ஒரே டர்னில் எல்லா அடியையும் அவள் மேலேயே இறக்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாக அடித்தால் இடையில் குணமாகிவிடுவாள். அவள் விழுந்த பிறகு, பாராஸிடம் பொறுமையாக ஆடினாலே போதும். ஜெயித்தால் மங்க், ஒயிட் மேஜ் என்று இரண்டு ஜாப் (உங்கள் ஆட்களுக்குக் கொடுக்கும் தொழில் வகை) கிடைக்கும்.

கேள்வி: கியூர் போடச் சொன்னால், எதிரி அடிப்பதற்கு முன்னாலேயே போட்டு வீணாக்கிவிடுகிறார்களே?

பதில்: இந்த ஆட்டத்தில் நான்கு பேருக்கும் கட்டளையை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். யார் முந்துவார்கள் என்பதை வேகமும் கொஞ்சம் அதிர்ஷ்டமும் முடிவு செய்யும். அதனால் அடி விழட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அடுத்த பெரிய அடியைத் தாங்கும் அளவு எச்பி இப்போது இருக்கிறதா என்று பார்த்துக் கட்டளை கொடுங்கள். ஹீலரிடம் 1 பிபியாவது மிச்சம் இருந்தால், ஒரு பிரேவ் போட்டு, ஒரே டர்னில் ஒருவரை எழுப்பி உடனே எச்பியும் ஏற்றலாம். எழுப்பியவரை அரைகுறை எச்பியோடு விட்டால் அடுத்த அடியிலேயே திரும்ப விழுவார்.

இன்னொன்று: ஒய் பட்டனை அழுத்தினால், போன முறை கொடுத்த கட்டளைகள் அப்படியே திரும்ப ஓடும். சின்னச் சண்டைகளுக்கு அருமையான வசதி. பாஸிடம் கை தவறி அதை அழுத்தினால், நான்கு பேரும் பிரேவ் போட்டு மாட்டிக்கொள்வார்கள்.

கேள்வி: மெனுவில் எதிரிகள் வரும் விகிதத்தை −100% ஆக்கலாமாமே. அது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: இல்லை. ஆட்டத்தை உருவாக்கியவர்களே தந்த வசதி அது. −100% முதல் +100% வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரு குகைக்குள் முதல் தடவை போகும்போது சாதாரண அளவிலேயே வையுங்கள், இல்லாவிட்டால் பாஸிடம் போய் நிற்கும்போது லெவல் போதாது. பெட்டிகளை எல்லாம் எடுத்த பிறகு, திரும்பும் வழிக்கு −100%. ஜாப் லெவல் ஏற்ற உட்காரும்போது +100% வைத்து ஒய் பட்டனைப் பயன்படுத்துங்கள். திசை பட்டனில் சண்டையின் வேகத்தையும் கூட்டலாம்.

கதையின் பிற்பகுதியில் ஏற்கெனவே வென்ற பாஸ்கள் திரும்ப வருவார்கள். பலர் அலுத்துப்போய் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். பாதையை −100%இல் கடந்து, அந்தச் சண்டைகளை மட்டும் முழு மனதோடு ஆடுங்கள். பாஸ்கள் புதுப் புதுக் கூட்டணியாக வரும் பக்கக் கதைச் சண்டைகளை விட்டுவிடாதீர்கள். மொத்தமுள்ள 24 ஜாப்களையும் கலந்து யோசிக்க வைப்பவை அவைதான். இந்த ஆட்டத்தின் சிறந்த சண்டைகள் அங்கேதான் இருக்கின்றன.

கேள்வி: ஆட்டத்தில் நோரெண்டே கிராமத்தைத் திரும்பக் கட்டும் வேலை நகரவே மாட்டேன் என்கிறது. எஸ்பியும் (சண்டையில் காலத்தை நிறுத்திச் செயல்பட உதவும் புள்ளி) ஏறவில்லை.

பதில்: 3டிஎஸ்ஸை அணைத்து வைக்கிறீர்கள் போலிருக்கிறது. இரண்டுமே ஆட்டம் திறந்திருக்கும்போதுதான் நகரும். ஆட்டத்தை மூடாமல், சார்ஜரில் மாட்டி, மூடியை மட்டும் மூடி ஸ்லீப்பில் விடுங்கள். ஸ்லீப்பில் 8 மணி நேரத்துக்கு ஒரு எஸ்பி சேரும், 3 வரை. சண்டை நடுவே ஸ்டார்ட் அழுத்தினால் காலம் நிற்கும். அப்போது ஒரு எஸ்பிக்கு ஒரு செயல் செய்யலாம். கிராமத்தில் ஒரே வேலைக்கு அதிகம் பேரை விட்டால் சீக்கிரம் முடியும். ஆயுதக் கடைகளை முதலில் கட்டுங்கள்.

கேள்வி: பழைய கார்ட்ரிட்ஜ் வாங்கலாமா, ஸ்விட்ச் 2க்கு வந்ததை வாங்கலாமா?

பதில்: ஸ்விட்ச் 2 கையில் இருந்தால், 2025 ஜூன் 5 அன்று வந்த எச்டி பதிப்பை வாங்குங்கள். வேகமாக ஓட்டும் வசதி அதில் மேம்பட்டிருக்கிறது. ஆனால் கடையில் விற்கும் அட்டையில் ஆட்டம் முழுதாக இருக்காது. இணையத்தில் இறக்க வேண்டும், மெமரியில் இடம் வேண்டும்.

3டிஎஸ் என்றால் பழைய கார்ட்ரிட்ஜ்தான் வழி. 3டிஎஸ் இணையக் கடையில் 2023 மார்ச் 27 முதல் எதையும் வாங்க முடியாது. 3டிஎஸ்ஸுக்கு வட்டாரப் பூட்டு உண்டு: ஜப்பான் கார்ட்ரிட்ஜ் அமெரிக்கக் கருவியில் ஓடாது, அமெரிக்கக் கார்ட்ரிட்ஜ் ஐரோப்பியக் கருவியில் ஓடாது. பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் கருவி எந்த வட்டாரம் என்று பாருங்கள். ஜப்பானில் 2012இல் வந்த முதல் பதிப்பு ஜப்பானிய மொழியில் மட்டும் இருக்கிறது. 2013 டிசம்பரில் ஐரோப்பாவிலும் 2014 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் வந்தது திருத்திய பதிப்பு. ஆங்கிலத்தில் ஆடலாம், குரலை ஜப்பானிய மொழிக்கும் மாற்றிக்கொள்ளலாம்.