முக்கால் கிலோ வெண்டைக்காய்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. கணக்கு என்றாலே அழுகிறாள். இப்போது அவளுக்கு நான் வாங்கிக் கொடுத்திருக்கும் செயலியில் ஒரு நிமிடத்துக்குள் இருபது பெருக்கல் போட வேண்டும். கீத் டெவ்லின் என்ற கணிதப் பேராசிரியர் குழந்தைகளுக்கான கணக்கு விளையாட்டுகளைச் செய்ய ஒரு நிறுவனமே தொடங்கினார் என்று படித்தேன். கணித அறிஞர் செய்தது என்பதால் நம்பிக் கொடுக்கலாமா? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் விடலாம்? தமிழில் சொல்லித்தருவது நல்லதா, ஆங்கிலத்திலா?

க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

நேரத்தைப் பற்றிய கேள்விக்கு உங்கள் வீட்டு வழக்கமே பதில் சொல்லும். மொழியைப் பற்றிய கேள்விக்கு, அவள் எந்த மொழியில் சண்டை போடுகிறாளோ அந்த மொழியில் சொல்லிக்கொடுங்கள். இவற்றுக்காக நான் பதில் எழுத உட்காரவில்லை. உங்கள் மகள் அழுகிறாள் என்ற வரியைப் படித்தபோது, சில நாட்களாகவே மனத்தில் வந்துபோய்க்கொண்டிருந்த என் தம்பி மறுபடியும் கண்முன்னால் வந்து நின்றான்.

முதலில் டெவ்லின். 1947இல் இங்கிலாந்தில் பிறந்து, கணக் கோட்பாடு என்ற கணிதப் பிரிவில் ஆய்வு செய்து, பின்னர் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றியவர். அவர் இணைந்து தொடங்கிய பிரெய்ன்குவேக் நிறுவனம் 2013இல் ‘வஸிட் டிரபிள்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் ஒரு பெரிய பற்சக்கரம், அதைச் சுழற்றும் சிறு பற்சக்கரங்கள். சிறியதை ஒரு சுற்றுச் சுற்றினால், அதற்கு எத்தனை பல்லோ அத்தனை இடம் பெரியது நகரும். பெரிய சக்கரத்தின் ஓரத்தில் இருக்கும் சாவிகளை எடுத்தால் கூண்டிலிருக்கும் குட்டிப் பிராணி விடுதலை பெறும். கையில் இருப்பவை ஏழு பல்லும் நான்கு பல்லும் கொண்ட சக்கரங்கள், சாவியோ பத்தாவது இடத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழை இருமுறை முன்னே சுற்றி, நான்கை ஒருமுறை பின்னே சுற்ற வேண்டும். முழு எண் சமன்பாடு ஒன்றைக் குழந்தை விரலால் தீர்த்துவிடுகிறது. திரையில் x இல்லை, சமக்குறி இல்லை.

இதற்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பெரும்பாலான செயலிகள் ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு, அதன் வாசலில் ஒரு பெருக்கல் கணக்கைச் சுங்கச்சாவடிபோல நிறுத்துகின்றன. டெவ்லினோ கணக்கு விளையாட்டு ஓர் இசைக்கருவியைப் போல இருக்க வேண்டும் என்கிறார். பியானோவைக் கற்பவர் வாசித்தே கற்கிறார். இசைக்குறிப்பு எழுதப் பழகிய பிறகுதான் கட்டையைத் தொடலாம் என்று யாரும் சொல்வதில்லை. கணக்கில் மட்டும் குறியீடு முன்னால் வந்து குழந்தையை மறித்து நிற்கிறது. இதை அவர் குறியீட்டுத் தடை என்கிறார்.

இந்தத் தடை எவ்வளவு உயரம் என்பதைக் காட்டியவர்கள் தெரெசினா நூனெஸ், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லிமான் ஆகிய மூன்று ஆய்வாளர்கள். பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் விற்றுக்கொண்டிருந்த ஐந்து சிறுவர் சிறுமியரிடம் வாடிக்கையாளர்போலப் பேசிக் கணக்குக் கேட்டார்கள். 98 விழுக்காட்டுக்கு மேல் சரியான விடை. அதே குழந்தைகளிடம் அதே வகைக் கணக்குகளை வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது சரியானவை ஏறத்தாழ 37 விழுக்காடு. 1985இல் இது கட்டுரையாக வந்தது. அந்தக் குழந்தைகளில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று, 35 குருசேரோ விலையுள்ள தேங்காய் நான்குக்கு, ‘மூன்று 105, அதோடு முப்பது 135, ஒரு தேங்காய் 35, ஆகவே 140’ என்று வாயாலேயே சொன்னது. தாளில் 35 × 4 என்று கொடுத்தபோது, ஐநான்கு இருபது, கையில் இரண்டு, இரண்டும் மூன்றும் ஐந்து, மறுபடி ஐநான்கு இருபது என்று போட்டு 200 என எழுதியது. தேங்காயை விற்கும்போது 200 சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளையே அதை நம்பியிருக்காது. தாளில் நம்பியதற்குக் காரணம், தாளிலிருந்த எண்ணுக்குத் தேங்காயின் எடை இல்லை என்பதுதான்.

என் தம்பிக்கு அப்போது பத்து வயது. சந்தை நாளில் அப்பாவின் காய்கறிக் கடையில் சாக்கின்மேல் உட்கார்ந்திருப்பான். வெண்டைக்காய் கிலோ பதினெட்டு, முக்கால் கிலோ வேண்டும் என்பார்கள். தட்டில் காய் விழுந்துகொண்டிருக்கும்போதே, ‘அரை ஒன்பது, கால் நாலரை, பதின்மூன்றரை கொடுங்க’ என்பான். திங்கட்கிழமை வகுப்பில் கரும்பலகையில் பதினெட்டு, பெருக்கல் குறி, மூன்று, கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே நான்கு. அவன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளங்கையில் விழுந்த அடிகளை அடுத்த வகுப்பின் சன்னல் வழியாக நான் எண்ணினேன், ஆறு. இரண்டும் ஒரே கணக்கு என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்திருந்தது. எட்டாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றது.

குறியீடு வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சந்தைக் கணக்கு சந்தையோடு நின்றுவிடும். தெரியாத எண்ணைப் பற்றிப் பேசக் குறியீடு இல்லாமல் முடியாது. ஆனால் முக்கால் என்பது நாவில் அரையும் காலுமாகப் பிரியத் தெரிந்த பிறகு அந்தக் கோடு வரவேண்டும். கோடு முன்னால் வந்தால் குழந்தை கோட்டுக்குப் பயப்படும், அந்தப் பயத்தைக் கணக்கு என்று நினைத்துக்கொள்ளும்.

இப்போது உங்களைக் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எட்டு வயதுக் குழந்தையின் கையில் ஒரு நிமிடக் கடிகாரத்தைக் கொடுத்தவர் நீங்கள். அவள் அழுவது பெருக்கலுக்காக அல்ல, ஓடும் அந்த நொடிகளுக்காக. அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். செய்தவர் கணித அறிஞர் என்பதை வைத்து எந்தச் செயலியையும் நம்பாதீர்கள். கணிதம் அறிந்தவர்கள் மோசமான பாடங்களையும் செய்திருக்கிறார்கள். பத்து நிமிடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தப்பாகச் சுற்றினால் சக்கரம் எங்கே போய் நிற்கிறது என்று அவளால் பார்க்க முடிகிறதா, அல்லது சிவப்புப் பெருக்கல் குறி மட்டும் வருகிறதா? முதல் வகை என்றால் கொடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் காய்கறிக் கடைக்குக் கூட்டிப்போங்கள். முக்கால் கிலோ எதையாவது வாங்கி, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அவளிடமே கேளுங்கள், அவசரப்படுத்தாமல். விடை எனக்கு வேண்டாம். எந்த வழியாகப் போனாள் என்பதை, அவள் சொன்ன சொற்களிலேயே எனக்கு எழுதி அனுப்புங்கள்.