அக்காகிட்ட கேளுங்க: ரத்தம் பாக்கப் போனா ஒரு நாள் பேரு போயிருமே

கேள்வி: அக்கா, வீட்டுக்காரரு வெளிநாட்டுல இருந்து வந்து நாலு மாசம் ஆச்சு, ஏதேதோ கேள்விப்பட்டு எனக்கு உள்ளுக்குள்ள பயம். எச்ஐவி டெஸ்ட் பாக்கணும். தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனா பின்னேரத்துக்குள்ள லயம் (தோட்டத்து வரிசை வீடுக) பூரா தெரிஞ்சிரும், டவுனுக்குப் போனா ஒரு நாள் பேரு, அதான் அன்னைக்குச் சம்பளம், போயிரும். (பேர் வேணாம், தலவாக்கலைப் பக்கம்)

பதில்: தங்கச்சி, டிஸ்பென்சரிய விட்டுருங்க. நுவரெலியா பெரியாஸ்பத்திரியில பாலியல் நோய் கிளினிக் இருக்கு, பதுளையிலயும் கண்டியிலயும் இருக்கு, யாரோட துண்டுக் கடிதமும் இல்லாம நேரா போகலாம், காசு எடுக்க மாட்டாங்க, விஷயம் வெளியில போகாது. வீட்டுலயே பாக்குற கிட்டும் இருக்கு, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு வேலைத்திட்டத்துல கேக்கலாம். ஆனா தபால்ல எடுக்கிறதா இருந்தா லயத்து அட்ரஸ் மட்டும் குடுத்துராதீங்க, நம்ம கடிதமெல்லாம் தோட்ட ஆபீஸ்ல இறங்கி நாலு கை மாறித்தானே வருது, டவுன்ல நம்பிக்கையான ஆளோட அட்ரஸ குடுங்க. கிட்ல ரெண்டு கோடு விழுந்து, இருக்குன்னு காட்டினாலும் அது முடிவில்ல, கிளினிக்ல ரத்தம் எடுத்துத்தான் உறுதி பண்ணுவாங்க. கடைசியா சேர்ந்து மூணு மாசம் ஆகாம பாத்தா, இல்லைன்னு வந்தாலும் மூணு மாசம் கழிச்சு இன்னொருக்கா பாக்கணும். அவரையும் கூட்டிட்டுப் போங்க. ஒண்ணு, வெளிநாடு போனதுனால வர்ற வியாதி இல்ல இது, போய்ட்டு வர்ற பொம்பளைங்களயும் இப்பிடித்தான் பேசுறாங்க, கேக்கவே எரிச்சலா இருக்கு.

கேள்வி: ஆபிரிக்காவுல அவ்வளவு ஏழை நாடுகள் எப்பிடி இத்தன பேருக்கு எச்ஐவி மருந்து குடுக்குது? நம்ம மலையகத்துக்கு அதுல ஏதாவது இருக்கா? (ஏ.எல். மாணவன், பண்டாரவளை)

பதில்: மொதல்ல விலை தம்பி. 2000ல ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 10,000 டாலர் கிட்ட, 2001ல இந்தியாவோட சிப்லா கம்பனி 350 டாலருக்குத் தாறோம்னு சொன்னதும் கதையே மாறிச்சு, இப்ப 50 டாலருக்கும் கீழ. 2002ல எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்குக் காசு குடுக்கிற உலக நிதியம் வந்துச்சு, அமெரிக்கா காசும் பின்னாடியே வந்துச்சு. இப்ப உலகத்துல 30 மில்லியனுக்கு மேல ஆளுக மருந்து குடிக்கிறாங்க.

ஆனா காசு மட்டும் இல்ல. லெசோத்தோன்னு ஒரு நாடு, முழு நாடுமே 1000 மீட்டருக்கு மேல, நம்மள மாதிரி மலை, ரோட்டு மோசம், வளந்த ஆளுகள்ல கிட்டத்தட்ட 5ல 1 ஆளுக்கு எச்ஐவி. டொக்டருக்காகக் காத்திருந்தா முடியாதுன்னு நர்ஸுகளே மருந்து ஆரம்பிச்சுக் குடுத்தாங்க. மொசாம்பிக்ல டேட்டே மாகாணத்துல 2008ல ஆறு பேர் வரைக்கும் ஒரு குரூப்பா சேர்ந்தாங்க, மாசம் ஒருத்தர் கிளினிக் போய் எல்லாருக்கும் மருந்து எடுத்துட்டு வருவாங்க, மத்தவங்களுக்கு அன்னைக்கு வேலை கெடாது.

இதை அப்பிடியே இங்க கொண்டு வரலாம்னு சொல்ல மாட்டேன். அங்க ஊர்ல நிறைய ஆளுக்கு இருக்குறதால குரூப் சேரலாம், நம்ம நாட்டுல எண்ணிக்கை கொஞ்சம், ஒரு லயத்துல ஒரே ஆளுன்னா குரூப்பு எங்க, பேச்சுதான் மிச்சம். எல்லாரும் கிளினிக்கைத் தோட்டத்துக்குள்ள கொண்டு வாங்கங்கிறாங்க, என்னைக் கேட்டா இந்த ஒரு வியாதிக்கு அது சரிவராது. ஞாயித்துக்கிழமை ஹட்டன் டவுன்ல, சாமான் வாங்க வர்ற கூட்டத்தோட கூட்டமா போய்ட்டு வர்ற மாதிரி ஒரு கிளினிக் தொறந்தா பேரும் போகாது, யாருக்கும் தெரியவும் செய்யாது.

இன்னொண்ணு, 2025 ஆரம்பத்துல அமெரிக்கா உதவிய நிறுத்தினதும் ஆபிரிக்காவுல எத்தனையோ கிளினிக்ல ஆளக் கொறச்சாங்க, சிலது பூட்டியே போச்சு. அடுத்தவன் காசுல நடக்குற வேலைக்கு அந்தப் பயம் எப்பவும் உண்டு.

கேள்வி: கர்ப்பிணி கிளினிக்ல எச்ஐவிக்கு ரத்தம் எடுத்தாங்க. என் மேல சந்தேகமா? (மஸ்கெலியா)

பதில்: இல்லம்மா, எல்லாத் தாய்மாருக்கும் எடுக்கிறாங்க. தாய்க்கு நேரத்தோட மருந்து குடுத்தா பிள்ளைக்குப் போகாம தடுக்கலாம், அப்பிடிச் செஞ்சுதான் 2019ல இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனத்தோட சான்றிதழ் கெடச்சுச்சு. வீட்டுல யாராவது கேட்டாலும் இதையே சொல்லுங்க.

கேள்வி: எச்ஐவி இருக்கிற ஆளு குளிக்கிற பீலியில நாங்களும் குளிக்கலாமா?

பதில்: தாராளமா. தண்ணியில, கோப்பையில, கொசுவுல பரவாது. மருந்து ஒழுங்கா குடிச்சு வைரஸ் டெஸ்ட்ல தெரியாத அளவுக்குக் கொறஞ்சு அப்பிடியே இருந்தா, புருஷன் பொண்டாட்டிக்குள்ளயே சேர்றதால பரவாது.